பிறக்கப்போகும் குழந்தை யாருடையது?

இறைவனை நெருங்கும்போது கர்மம் எவ்வாறு உதிர்கிறது என்பதை விளக்க, ஸ்ரீராமகிருஷ்ணர் ஓர் எளிய குடும்பக் காட்சியை அடிக்கடி எடுத்துக் கூறுவார். மருமகள் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்ததும் மாமியார் அவளுடைய வேலைகளைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறாள். மாதங்கள் ஏற ஏற வேலை குறைகிறது. பத்தாம் மாதத்தில் அநேகமாக எந்த வேலையும் தருவதில்லை. குழந்தை பிறந்துவிட்டாலோ, அதைக் கொஞ்சுவதும் கவனிப்பதும் தவிர அவளுக்கு வேறு வேலையே கிடையாது. சாதகன் இறைவனை நெருங்க நெருங்க அவனுடைய கர்மங்களும் இவ்வாறே குறைகின்றன என்பது குருதேவர் உணர்த்திய பொருள்.

பொருளைப் பற்றிக்கொள்ளும் அவசரத்தில், உவமையாக வந்த அந்தப் பெண்ணை நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். நெல் குத்தியும் நீர் சுமந்தும் பழகிய கைகள் இப்போது ஓய்ந்திருக்கின்றன. உடல் கனத்திருக்கிறது, உறக்கம் துண்டு துண்டாக வருகிறது. அந்தக் கடைசி வாரங்களில் அவள் செய்வது என்ன? அவள் காத்திருக்கிறாள். காத்தலும் இருத்தலும் சேர்ந்ததே காத்திருத்தல் என்பதைத் தமிழ் அறிந்தவருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஓர் உயிரைக் காக்கிறாள். அதற்குமேல் எதையும் செய்ய இயலாமல் வெறுமனே இருக்கிறாள். அவளுக்கருகில் அவளுடைய கணவனும், காப்பதற்கும் வழியின்றி, இருப்பதை மட்டும் செய்துகொண்டிருக்கிறான்.

அவர்கள் இருவரும் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற கேள்வி தோற்றத்தில் எளியது. ஆனால் எதிர்பார்த்தல் என்ற சொல்லுக்கு வழக்கில் இரண்டு முகங்கள் உண்டு. வெளியூரிலிருந்து வரும் விருந்தினரை எதிர்பார்க்கிறோம். கொடுத்த கடன் வட்டியோடு திரும்பும் என்றும் எதிர்பார்க்கிறோம். முன்னதில் கண் வருபவர்மீது இருக்கிறது. பின்னதில் வருவதன்மீது இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் இல்லத்தில் இவ்விரண்டும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருக்கின்றன. இரண்டாவதை விடுவது இயலுமா, விட்டால் முதலாவதும் கூடவே குறைந்துபோகாதா என்பதுதான் ஆராயத்தக்கது. பயனில் பற்று வைக்காமல் செயலாற்று என்னும் கீதையின் போதனையைக் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் வைத்து எளிதாகப் பேசிவிடலாம். பயன் என்பது ஒரு குழந்தையாகவே இருக்கும்போது அந்தப் போதனை எங்கே நிற்கிறது?

கர்ப்பிணியை எவ்வாறு பேணவேண்டும் என்று கூறும் இடத்தில் சரக சம்ஹிதை ஓர் உவமை தருகிறது. விளிம்புவரை எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தைத் தளும்பாமல் எடுத்துச் செல்வதுபோல் அவளை நடத்தவேண்டும் என்கிறது. எட்டாம் மாதத்தைப்பற்றி அந்நூல் கூறுவது இன்னும் நுட்பமானது. அப்போது ஓஜஸ் என்னும் உயிர்ச்சாரம் தாயிடமிருந்து சேய்க்கும் சேயிடமிருந்து தாய்க்கும் மாறி மாறிச் செல்கிறதாம். ஆகவேதான் அவள் ஒரு நேரம் மகிழ்ந்தும் மறுநேரம் வாடியும் காணப்படுகிறாள் என்கிறது. இன்றைய உடலியல் இதை இந்தச் சொற்களில் கூறாது. ஆனால் காரணமின்றிச் சிரித்துக் காரணமின்றி அழும் ஒரு பெண்ணைக் கண்டு, அவளிடம் குறை காணாமல், அவளுக்குள் இருவர் வாழ்கிறார்கள் என்று புரிந்துகொண்ட ஒரு மருத்துவரின் கண் அதில் தெரிகிறது. மாணிக்கவாசகரும் போற்றித் திருவகவலில் கருவறை வாழ்வை மாதம் மாதமாக எண்ணிச் சொல்லிப் பத்தாம் மாதத்துக்கு வரும்போது, அந்த இடரைத் தாயும் சேயும் சேர்ந்தே படுவதாகக் கூறுகிறார். வலி தாய்க்கு மட்டுமே என்று எண்ணிப் பழகிய நமக்கு அது ஒரு திருத்தம்.

நிரம்பிய பாத்திரத்தின் உவமை வேறோர் இடத்திலும் வருகிறது. சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுகரின் கதையைக் கூறுகிறார். ஜனகரின் அவைக்கு வந்த இளம் சுகரிடம் விளிம்புவரை பால் நிரம்பிய கிண்ணம் ஒன்று கொடுக்கப்படுகிறது. ஆடலும் பாடலும் நிறைந்த மண்டபத்தை ஏழு முறை சுற்றிவரவேண்டும். ஒரு துளியும் சிந்தலாகாது. அவர் அவ்வாறே சுற்றிவந்தார். மருத்துவ நூல் கர்ப்பிணிக்குக் கூறிய உவமையும் ஞானியின் மனத்துக்குக் கூறப்பட்ட சான்றும் இவ்வளவு நெருங்கி வருவது சிந்திக்கத்தக்கது. ஒரு வேறுபாடும் உண்டு. சுகர் ஏந்தியது பால். இவள் ஏந்தியிருப்பது தனக்கென்று ஒரு பயணத்தை வைத்திருக்கும் ஓர் ஆளை. அவர் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் சோதனை முடிந்தது. இவளுக்கோ அப்போதுதான் தொடங்குகிறது.

இறுதி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டி மருத்துவர்கள் ஒரு தேதியைக் குறித்துத் தருகிறார்கள். அந்தத் தேதி நாட்காட்டியில் வட்டமிடப்படுகிறது, உறவினருக்குச் சொல்லப்படுகிறது, விடுப்பும் பயணச்சீட்டும் அதையொட்டி ஏற்பாடாகின்றன. உண்மையில் குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 மட்டுமே. 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம்வரை எப்போது வேண்டுமானாலும் வலி தொடங்கலாம். எப்போது தொடங்கும் என்பதைத் தீர்மானிப்பதில் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கும் பங்கு இருக்கலாம் என்று உடலியலாளர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், வருபவர் தாம் வரும் நேரத்தைத் தாமே ஓரளவு முடிவு செய்கிறார். பெற்றோர் ஆகப்போகிறவர்கள் முதன்முதலில் கற்கும் பாடம் இதுதான்: அட்டவணை அவர்களுடையது, வருகை அவர்களுடையதன்று.

இந்தப் பாடத்தைக் கற்க விரும்பாத மனம் குறுக்குவழி தேடுகிறது. நம் நாட்டில் 2019-21 காலத்து தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் 21.5 சதவீதம் அறுவைச் சிகிச்சையால் நடந்தவை. அவற்றுள் பல தாயையோ சேயையோ காப்பாற்றியவை என்பதில் ஐயமில்லை. அதைக் குறைகூறுபவர் கடினப் பிரசவம் ஒன்றை அருகிருந்து கண்டிராதவர். ஆனால் மருத்துவக் காரணம் எதுவுமின்றி, சோதிடர் குறித்துக் கொடுத்த நட்சத்திரத்திலும் முகூர்த்தத்திலும் குழந்தையை வெளியே எடுக்கும் வழக்கமும் பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. இதைப் பக்தியின் பெயரால் செய்பவர்கள் சற்று நின்று யோசிக்கவேண்டும். பிறந்த நேரம் முன்வினையைக் காட்டும் குறி என்பது சோதிடத்தின் கொள்கை. அது உண்மையானால், குறியை மாற்றுவதால் வினை மாறாது. கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைத்துப் பொழுது புலர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு அது ஒப்பாகும். அது உண்மையில்லையானால், செய்த காரியத்துக்கே பொருள் இல்லை. இரண்டில் எதுவானாலும் இழப்பு குழந்தைக்கே. 35-ஆம் வாரத்தில் குழந்தையின் மூளை, 40-ஆம் வாரத்தில் அடையும் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே பெற்றிருக்கிறது. 39 வாரம் நிறையுமுன் தேவையின்றி எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் தொல்லை மிகுதி என்பதும் மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. குழந்தையின் எதிர்காலத்துக்காக என்று கூறி அதன் நிகழ்காலத்தில் இரண்டு வாரங்களைப் பறிப்பது அன்பாகுமா?

அண்மைக் காலத்தில் மகாராஷ்டிரம், குஜராத் முதலிய மாநிலங்களில் தொடங்கி நாடெங்கும் கர்ப்ப சம்ஸ்காரப் பயிற்சி வகுப்புகள் பெருகியுள்ளன. கர்ப்பிணிகள் நல்ல நூல்களைக் கேட்பதும் அமைதியாக இருப்பதும் பாராட்டுக்குரியன. ஆனால் அவற்றுள் சில, மேதையான குழந்தையை உறுதியளிக்கும் அளவுக்குப் போய்விடுகின்றன. இதற்குச் சான்றாகப் பிரகலாதனைக் காட்டுகிறார்கள். கருவிலிருக்கும்போதே நாரதரின் உபதேசத்தைக் கேட்டவன் அவன் என்கிறது பாகவதம். உண்மைதான். ஆனால் அந்த உபதேசத்தைத் தாய் கயாது காலப்போக்கில் மறந்துவிட்டாள், மகன் மறக்கவில்லை என்றும் அதே பாகவதம் கூறுகிறது. தந்தை இரணியகசிபுவுக்குத் தன் மகன் எப்படி வரவேண்டும் என்பதில் தெளிவான திட்டம் இருந்தது. அந்தத் திட்டத்துக்கு நேர்மாறாகவே பிரகலாதன் வந்தான். பெற்றோர் நினைத்தபடி குழந்தையை ஆக்குவதற்கான விளம்பரமாக இந்தக் கதையைப் பயன்படுத்துவது விந்தையானது; இது, பெற்றோர் நினைத்தபடி ஆகாத குழந்தையின் கதை.

கருவிலுள்ள குழந்தை கேட்கிறது என்பதை அறிவியலும் ஒப்புக்கொள்கிறது. 1986-இல் டெகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார்கள் ஒரு குறிப்பிட்ட பகுதியை நாள்தோறும் உரக்கப் படித்தனர். பிறந்த குழந்தைகள், அதுவரை கேட்டிராத பகுதியைவிட அந்தப் பகுதியையே விரும்பிக் கேட்டன. இதிலிருந்து குழந்தை சாஸ்திரம் கற்றுவிட்டது என்று முடிவுகட்ட இயலாது. ஓசையின் நடை அதற்குப் பழகியிருக்கிறது என்பதே இதன் பொருள். வந்து சேர்ந்த அந்நிய உலகில் தெரிந்த ஓசை ஒன்று அதற்காக இருக்கிறது. ஒரு தாயால் தரக்கூடியவற்றுள் இது சிறியதன்று.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் அஷ்டாவக்கிரரின் கதையையும் இந்த வகுப்புகளில் கூறலாம். ஆனால் எவரும் கூறுவதில்லை. கஹோடர் வேதம் ஓதிக்கொண்டிருக்கிறார். மனைவி சுஜாதையின் வயிற்றிலிருந்த குழந்தை, தந்தை ஓதுவதில் குறை இருக்கிறது என்று கூறிவிடுகிறது. சீடர்கள் சூழ்ந்திருந்த இடத்தில் அவமானம் தாங்காமல் தந்தை சாபமிடுகிறார். குழந்தை எட்டுக் கோணலோடு பிறக்கிறது. அறிவுள்ள பிள்ளை வேண்டும் என்று எல்லாத் தந்தையரும் விரும்புகிறார்கள். தம்மைத் திருத்தும் அளவுக்கு அறிவுள்ள பிள்ளையை எத்தனை பேர் விரும்புவார்கள்? கஹோடர் கொடியவர் அல்லர், கற்றவர், ஆசாரியர். தம் மகன் தம்முடைய நீட்சி என்று அவர் நம்பியிருந்தார். அவன் வேறோர் ஆளாக இருப்பதை ஒரு நொடியில் கண்டுகொண்டார். அந்த நொடியின் அதிர்ச்சிதான் சாபமாக வெளிப்பட்டது. இத்தகைய சாபங்களுக்கு முனிவராக இருக்கவேண்டியதில்லை. மகன் மருத்துவம் படிக்காமல் ஓவியம் பயின்றபோதும், மகள் தன் மணத்தைத் தானே முடிவு செய்தபோதும் பல இல்லங்களில் கஹோடரின் குரல் கேட்கிறது. பின்னாளில் அதே அஷ்டாவக்கிரர்தான் ஜனகரின் அவையில் வாதில் வென்று, நீருக்குள் இருந்த தந்தையை மீட்டுக்கொண்டு வருகிறார்.

பிறக்கும் முன்பே விதிக்கப்படும் இன்னொரு சாபமும் உண்டு. ஆண் குழந்தை வேண்டுவது நம் சடங்குகளிலேயே இடம்பெற்றுள்ளது என்பதை மறைப்பதில் பயனில்லை. பும்சவனம் அதற்காகவே ஏற்பட்டது. ஆனால் அறிவிற் சிறந்த மகள் பிறக்கவேண்டும் என்று விரும்புபவர் எள்ளோடு சமைத்த சோற்றை நெய்யிட்டு உண்ணவேண்டும் என்று பிருகதாரண்யக உபநிஷதம் தனியே விதித்திருப்பதை எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்? மகளுக்கான வேண்டுதலை மறந்து மகனுக்கான வேண்டுதலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது சாஸ்திரத்தின் குறையன்று. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 1991-இல் 945 ஆகவும், 2001-இல் 927 ஆகவும், 2011-இல் 918 ஆகவும் குறைந்ததை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிவு செய்தது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994-லேயே இயற்றப்பட்டும் இந்த நிலை. வருபவரை விட்டுவிட்டு வருவதை மட்டும் பார்க்கும் கண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

இனி, குழந்தை யாருடையது என்ற கேள்விக்கு உபநிஷதங்கள் கூறும் விடையைப் பார்க்கலாம். அவை ஒரே குரலில் பேசவில்லை. தந்தை தன்னையே கருவாகத் தருகிறான், குழந்தையைப் பேணுவதன் மூலம் தன்னையே பேணுகிறான் என்பது ஐதரேய உபநிஷதத்தின் கருத்து. கர்ப்ப உபநிஷதமோ கருவிலிருக்கும் ஜீவனின் பக்கம் நின்று பேசுகிறது. ஒன்பதாம் மாதத்தில் உறுப்புகளும் அறிவும் நிறைவுற்ற அந்த ஜீவன் தன் முற்பிறவிகளை நினைவுகூர்கிறது. எத்தனையோ தாயரிடம் பால் அருந்தியதை எண்ணுகிறது. இம்முறை வெளியே வந்தால் இறைவனைச் சரணடைவேன் என்று உறுதி பூணுகிறது. பிறந்தவுடன் வைணவ வாயு தீண்ட, அனைத்தையும் மறந்துவிடுகிறது. முன்னதன்படி குழந்தை பெற்றோரின் தொடர்ச்சி. பின்னதன்படி அது நெடுந்தொலைவிலிருந்து வரும் பயணி. இந்தத் தாய் அதன் பல தாயருள் ஒருத்தி.

இரண்டும் உண்மையே. முகச்சாயலும் குரலும் நோய்க்கூறும் வழிவழி வருகின்றன. அவற்றைத் தந்தவர் பெற்றோர். ஆனால் அந்த முகத்தின் பின்னிருந்து ஒருநாள் அவர்களைப் பார்க்கப்போகும் பார்வையை அவர்கள் தரவில்லை. கருவில் தன்னைக் காத்த திருவுருவம் எங்கே என்று காண்பவர் ஒவ்வொருவரிலும் தேடியதால் பரீட்சித்து என்று பெயர் பெற்ற மன்னனை நினைத்துக்கொள்ளலாம். அவன் தாய் உத்தரையின் மகன்தான். ஆனால் அவனுடைய தேடல் அவளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தமிழ் மொழி இதில் தெளிவாக இருக்கிறது. குழந்தைக்குத் தாய் தந்தையாக இருப்பவர்களை அது பெற்றோர் என்கிறது. செய்தோர் என்று சொல்வதில்லை. பிள்ளைப்பேறு என்பதும் பெறுவதைக் குறிக்கும் சொல்லே. கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது இலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். காலில் வீக்கமும் இடுப்பில் வலியுமாக இரவைக் கழிக்கும் ஒரு பெண்ணிடம் சென்று, இந்தக் குழந்தை உன்னுடையதன்று என்று சொல்வது எவ்வளவு கொடுமை! பற்றின்மையை உபதேசிப்பது துறவிகளுக்கு எளிது. வயிற்றில் சுமப்பவளுக்கு அது பொருந்துமா? இந்த மறுப்பு நியாயமானது. இதைக் கேட்காமலே பேசும் வேதாந்தம் ஏட்டு வேதாந்தம்.

குருதேவர் கூறிய பணிப்பெண்ணின் உவமை இங்கே துணைபுரியும். செல்வர் வீட்டில் வேலை செய்பவள் எசமானரின் குழந்தைகளைத் தன் குழந்தைகள்போல் வளர்க்கிறாள். என் ராமன், என் ஹரி என்றே சொல்கிறாள். ஆனால் அவர்கள் தன்னுடையவர்கள் அல்லர் என்பதை உள்ளத்தில் அறிந்திருக்கிறாள். அந்தப் பணிப்பெண்ணுக்குத் திரும்பிப்போக ஒரு கிராமமும் வீடும் உண்டு, தாய்க்கு அப்படி எதுவும் இல்லையே என்று கேட்கலாம். உவமை எந்த இடத்தில் எதை விடச் சொல்கிறது என்று பார்க்கவேண்டும். பணிப்பெண் குளிப்பாட்டுவதை விடவில்லை, ஊட்டுவதை விடவில்லை, இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் விழித்திருப்பதை விடவில்லை. என் ராமன் என்று சொல்வதைக்கூட விடவில்லை. அவள் விட்டது ஒன்றே ஒன்று: அவன் எனக்கு என்ன தருவான் என்ற கணக்கு. அந்தக் கணக்கை விட்டதால் அன்பு குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையில், கணக்கு வைத்திருப்பவரின் அன்புதான் ஒருநாள் கோபமாக மாறும்.

அச்சம் என்ற ஒன்றும் இருக்கிறது. குழந்தை முழுமையாகப் பிறக்குமா, அழுமா, மூச்சு விடுமா என்று இரவெல்லாம் எழும் அச்சத்தைப் பற்று என்று பழிப்பது தவறு. காவல் காப்பவருக்கு அச்சம் இயல்பு. சில இல்லங்களில் அந்த அச்சம் மெய்யாகிவிடுகிறது. தொட்டில் வெறுமையாகவே இருந்துவிடுகிறது. அத்தகைய தாயிடம் சென்று வினைப்பயன் என்று விளக்கம் கூறுபவர்கள் உண்டு. கர்மக் கொள்கை ஒருவன் தன்னைத் தான் ஆராய்ந்துகொள்வதற்கான விளக்கு. பிறர் துயரத்தின்மீது எறிவதற்கான கல் அன்று. அங்கே செய்யத்தக்கது ஒன்றுதான்: பேசாமல் அருகில் இருப்பது. அந்தப் பெண் பத்து மாதம் காத்த உயிருக்கு அவள் தாய்தான். அதன் பயணம் குறுகியது என்பதால் அவளுடைய தாய்மை குறுகியதாகிவிடாது.

தொடக்கத்தில் கண்ட உவமைக்கு மீண்டும் வரலாம். சாதகனின் கர்மம் தானாக உதிர்கிறது என்று குருதேவர் கூறினார். மருமகளின் வேலையோ தானாக உதிர்வதில்லை. யாரோ ஒருவர் அதைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். அந்தக் கதையில் பேசப்படாமல் நிற்கும் நல்லவள் மாமியார். செங்கல் சூளையிலும் கட்டடப் பணியிலும் வயலிலும் வலி எடுக்கும் நாள்வரை வேலை செய்யும் பெண்கள் நம் நாட்டில் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பத்தாம் மாதத்தில் வேலையைக் குறைத்துத் தரும் மாமியார் யார்? 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தி, அதில் 8 வாரங்கள்வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ள வகை செய்தது. நாட்கூலி பெறுபவளின் குடிசைவரை அது எட்டவில்லை. 1932-இல் ராமகிருஷ்ண மிஷனின் சுவாமி தயானந்தர் கல்கத்தாவின் பவானிப்பூரில் சிசுமங்கள் பிரதிஷ்டானம் என்ற தாய்சேய் நல நிலையத்தைத் தொடங்கினார்; பின்னாளில் அதுவே சேவா பிரதிஷ்டானம் என்னும் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. குடும்பத்தைத் துறந்தவர்களுக்குப் பிரசவ அறையில் என்ன வேலை என்று எவரும் கேட்கலாம். தனக்கென்று ஒரு குழந்தையை எதிர்பார்க்காதவர், பிறர் குழந்தையின் வருகைக்காக விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

கேட்டுப் பெற்ற ஒரு குழந்தையைப்பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. கல்கத்தாவின் சிமுலியாப் பகுதியில் வழக்கறிஞர் விசுவநாத தத்தரின் மனைவி புவனேசுவரி தேவி ஒரு மகனுக்காக ஏங்கினார். முன்னரே குழந்தைகளைப் பெற்றவர். அவர்களுள் சிலரை இழந்தவர். காசியில் வாழ்ந்த உறவினர் ஒருவருக்கு எழுதி, அங்குள்ள வீரேசுவர சிவனுக்குத் தம் சார்பில் வழிபாடு செய்யச் சொன்னார். தாமும் விரதத்திலும் தியானத்திலும் நாட்களைக் கழித்தார். தியானம் கலைந்து எழுந்த சிவபெருமான் தமக்கு மகனாக வருவதாகக் கனவும் கண்டார். 1862-ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள் அந்த வீட்டில் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இழந்த குழந்தைகளின் நினைவும் கண்ட கனவும் ஒரே உள்ளத்தில் இருந்திருக்கும். 1863 ஜனவரி 12, மகர சங்கராந்தியன்று விடியற்காலையில் குழந்தை பிறந்தது. பாட்டனார் துர்காபிரசாதரின் சாயலை அதில் கண்ட உறவினர் துர்காதாஸ் என்று பெயரிட விரும்பினர். அந்தத் துர்காபிரசாதர், மகன் விசுவநாதர் பிறந்தபின் வீட்டைத் துறந்து சந்நியாசியானவர். தாயோ வீரேசுவரன் என்றே பெயரிட்டார். பின்னர் நரேந்திரநாதர் என்ற பெயர் நிலைத்தது.

கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் கேட்டபடி கிடைக்கவில்லை. அடக்க முடியாத அந்தச் சிறுவனைக் கண்டு, சிவனிடம் பிள்ளை கேட்டேன், அவர் தம் பூதங்களில் ஒன்றை அனுப்பிவிட்டார் என்று அந்தத் தாய் கூறுவதுண்டு. விளையாட்டாகச் சொன்னதில் உண்மை இருந்தது. 1884-இல் விசுவநாதர் இறந்தார். குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. உறவினர் வழக்குத் தொடுத்தனர். மூத்த மகன் வேலை தேடி அலைந்தார். குருதேவர் அவரைத் தட்சிணேசுவரத்துக் காளிகோயிலுக்கு அனுப்பி, வேண்டியதைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். மும்முறை சென்றும் தாய்க்கும் தம்பியருக்கும் உணவு கேட்க அவர் நாவெழவில்லை. ஞானமும் பக்தியும் விவேகமும் வைராக்கியமுமே கேட்டுத் திரும்பினார். ஒருத்தி கேட்டுப் பெற்ற பிள்ளை, அவளுக்காக ஒன்றைக் கேட்க இயலாமல் நின்றார். அந்தக் குடும்பத்துக்கு எளிய உணவும் உடையும் குறைவுபடாது என்று குருதேவரே பின்னர் உறுதியளிக்க வேண்டியிருந்தது.

1900 ஜனவரியில் கலிபோர்னியாவின் பசடினாவில் இந்தியப் பெண்களைப்பற்றிப் பேசியபோது, தம் பெற்றோர் பல்லாண்டுகள் நோன்பிருந்து வேண்டியதால் தாம் பிறந்ததாகச் சுவாமிஜி குறிப்பிட்டார். தம்முள் நல்லது எதுவும் இருக்குமானால் அது அந்தக் காத்திருத்தலிலிருந்து வந்தது என்ற எண்ணம் அந்தப் பேச்சில் ஒலிக்கிறது. துறவியானபின்னும் தாயைப்பற்றிய கவலை அவரைவிட்டு நீங்கவில்லை. கேத்ரி மன்னர் அஜித் சிங் அந்தக் குடும்பத்துக்கு மாதந்தோறும் 100 ரூபாய் அனுப்பிவந்ததும் அவர் பொருட்டே. தம் குடும்பத்தாருக்குத் துன்பத்தையே கொண்டுவந்தேன் என்ற வருத்தத்தோடு, தாயின் நீண்ட நாள் விருப்பத்தை நிறைவேற்ற அவர் 1901-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் புறப்பட்டார். ஆஸ்துமாவாலும் நீரிழிவாலும் உடல் நலிந்திருந்த நிலையில், கிழக்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் தாயை அழைத்துச் சென்றார். லாங்கல்பந்தில் பிரம்மபுத்திரையில் நீராடினார்கள். சந்திரநாதம் சென்று சிவனைத் தரிசித்தார்கள். கௌஹாத்தியில் காமாக்யா தேவியின் சந்நிதியில் நின்றார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் மகன் மறைந்தார். புவனேசுவரி தேவி அதற்குப் பின்னும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.